அழுக்குக் காலுக்கு மூன்று பென்ஸ்: விம்கோ நகரிலிருந்து அன்னி பெசன்ட்டைப் படித்தல்

சென்னையில் கடலோரமாக இரண்டு நகர்கள் இருக்கின்றன. தெற்கே பெசன்ட் நகர், வடக்கே விம்கோ நகர். முதலாவது ஒரு ஆளின் பெயர். இரண்டாவது ஒரு கம்பெனியின் பெயர். சுவீடன் தீப்பெட்டி நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1920களில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் விம்கோ. திருவொற்றியூரில் அதன் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அந்தப் பெயர் ரயில்வே ஸ்டேஷனில் ஒட்டிக்கொண்டு, 2021-இல் மெட்ரோ ஸ்டேஷனிலும் ஏறிவிட்டது.

நான் இந்த விம்கோ நகர்க்காரன். தினமும் மெட்ரோ ஏறி கிண்டியில் இறங்கி, நாள் முழுக்க கோட் எழுதிவிட்டுத் திரும்புகிறவன். போகவர ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் பழைய பிடிஎஃப் படிப்பதுதான் என் ஆராய்ச்சி. போன சில மாதங்களாக அன்னி பெசன்ட்டைப் படிச்சேன். படிக்கத் தொடங்கிய காரணம் சின்னது. பெசன்ட் நகருக்குப் பேர் கொடுத்த அம்மா, லண்டனில் முதலில் பெரிய பேர் வாங்கியதே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை விவகாரத்தில்தான். அப்படியானால் அவர் பேர் எங்க பக்கம் இருந்திருக்க வேண்டாமா என்று விளையாட்டாகத் தோன்றியது.

படித்து முடித்தபோது விளையாட்டு போய்விட்டது. எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன். இது அவருடைய முழு வாழ்க்கை வரலாறு இல்லை. அவர் பிடித்த ஒரு கணக்கையும், பிறகு அவரே கைவிட்ட அதே கணக்கையும் பற்றிய விமர்சனம்.

நமக்குத் தெரியாத பெசன்ட்

நமக்குப் பாடப்புத்தகத்தில் வரும் பெசன்ட் வெள்ளைப் புடவை கட்டிய பாட்டி. அடையாறு பிரம்மஞான சபை, 1916-இல் ஹோம் ரூல் லீக், 1917-இல் ஊட்டியில் காவல், அந்த வருஷக் கடைசியில் கல்கத்தா காங்கிரஸ் தலைவர். அவ்வளவுதான்.

ஆனால் 1893 நவம்பரில் அவர் இந்தியா வந்து இறங்கியபோது வயது 46. அதற்குள் இங்கிலாந்தில் ஒரு முழு அரசியல் வாழ்க்கை முடிந்திருந்தது. பாதிரியாரைக் கல்யாணம் செய்து, மத நம்பிக்கை போய், 1873-இல் கணவரைப் பிரிந்தவர். சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து நாத்திகப் பிரசாரம் செய்தவர். கருத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877-இல் இருவர் மீதும் வழக்கு நடந்தது. அதன் தொடர்ச்சியாக, பெற்ற மகளை வளர்க்கும் உரிமையையே கோர்ட் பறித்தது. 1885-இல் ஃபேபியன் சொசைட்டியில் சேர்ந்து சோஷலிஸ்ட் ஆனார். 1887 நவம்பர் 13-இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் வேலையில்லாதோர் ஊர்வலத்தைப் போலீசும் ராணுவமும் அடித்து நொறுக்கிய 'ரத்த ஞாயிறு' அன்று ஊர்வலத்தில் இருந்தவர். மறு வருஷம் கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியிலிருந்து லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு வேண்டும் என்று போராடியவர். இங்கிலாந்துப் பெண்களுக்குப் பார்லிமென்ட் ஓட்டு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால் நடந்தது இது.

இந்தப் பின்னணியோடு தீப்பெட்டிக்கு வருவோம்.

1888: அபராதப் பட்டியல்

1888 ஜூனில் ஒரு ஃபேபியன் கூட்டம். பிரையன்ட் அண்ட் மே என்ற தீப்பெட்டிக் கம்பெனி பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் லாபப் பங்கு கொடுக்கிறது, தொழிலாளிப் பெண்களுக்குக் கொடுப்பது கஞ்சிக்குக்கூடப் போதவில்லை என்று பேச்சு வந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பெசன்ட் செய்தது வேறு. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் இருந்த ஆலையின் வாசலுக்கே போய், வேலை விட்டு வரும் பெண்களிடம் பேசினார். ஜூன் 23 அன்று 'தி லிங்க்' என்ற தன் அரைப்பென்னி வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்தது.

அந்தக் கட்டுரையை நான் மூன்று தடவை படிச்சேன். தலைப்பில் லண்டனின் வெள்ளை அடிமைத்தனம் என்று இருக்கிறதே தவிர, உள்ளே பெரும்பாலும் கணக்குதான். வாரச் சம்பளம் எத்தனை ஷில்லிங், அதில் வாடகை எவ்வளவு போகிறது, காலையில் எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், எத்தனை மணிக்கு விடுகிறார்கள். பிறகு அபராதங்கள். பேசினால் அபராதம். தீக்குச்சியைக் கீழே போட்டால் அபராதம். தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்ஸ்.

கடைசியதைக் கவனியுங்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த மூன்று பென்ஸைப் பற்றித்தான்.

லண்டன் சேற்றில் நடந்து வருகிற ஏழைப் பெண்ணின் கால் அழுக்காகத்தான் இருக்கும். நல்ல பூட்ஸ் வாங்க முடியாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பூட்ஸ் இல்லாததால் வந்த அழுக்குக்கு அதே சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்வது. எங்க தொழிலில் இதை இன்ஃபினிட் லூப் என்போம். உள்ளே போனவன் வெளியே வர வழியே கிடையாது. பெசன்ட் அந்தப் பெண்களின் காலில் பார்த்தது அழுக்கை அல்ல, சம்பளத்தை. அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கம்பெனி பதறிப்போய், கட்டுரையில் இருப்பதெல்லாம் பொய் என்று தொழிலாளிகளிடம் கையெழுத்துக் கேட்டது. அவர்கள் போடவில்லை. அதை ஒட்டி நடந்த வேலைநீக்கத்தில் பொறி விழுந்தது. ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கம்பெனி இறங்கி வந்தது. அபராதங்கள் போயின. யூனியன் வந்தது, பெசன்ட் அதன் செயலாளர் ஆனார்.

ஒன்று மட்டும் போகவில்லை. தாடை எலும்பையே அழுகவைத்த வெள்ளை பாஸ்பரஸ். பிரையன்ட் அண்ட் மே அதை நிறுத்த 1901 ஆயிற்று. பிரிட்டனில் சட்டத் தடை 1908-இல் நிறைவேறி 1910 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. இந்தியாவில் தடைச் சட்டம் 1913. எங்க ஊர்த் தொழிற்சாலை அதற்குப் பிறகு வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

யார் பற்றவைத்தது?

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்வார்கள்? பெசன்ட் 'தலைமையில்' தீப்பெட்டிப் பெண்கள் போராடி வென்றார்கள். நம்ம ஊர்க் கட்டுரைகளிலும் அப்படியேதான்.

லூயிஸ் ரா என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரைக்கிங் எ லைட்' என்ற புத்தகம் இதை உடைக்கிறது. பெசன்ட் கேட்டது வேலைநிறுத்தம் அல்ல, அந்தக் கம்பெனித் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்ற புறக்கணிப்பு. வேலையை விட்டு வெளியே வந்தது தொழிலாளிகளின் சொந்த முடிவு. வந்த பிறகுதான் ஒரு கூட்டம் ஃப்ளீட் தெருப் பக்கம் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு நடந்து போய் விஷயத்தைச் சொன்னது. அவர்களுக்குள் ஏற்கனவே தலைவிகள் இருந்தார்கள். சாரா சாப்மன் போன்றவர்களின் பெயர்கள் நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே வந்தன.

ராவின் வாதம் எனக்குப் பெரும்பாலும் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அந்த வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் பெசன்ட்டின் பங்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அப்படி இல்லை. தலைமை அவருடையது அல்ல. கணக்கு அவருடையது. தொழிலாளிக்குத் தன் வலி தெரியும். அதே வலியைத் தேதி, தொகை, பங்குதாரர் லாபம் என்று அச்சில் பார்க்கும்போது, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 'இது பொய் இல்லை' என்று நிற்க முடிகிறது. கையெழுத்துப் போட மறுத்தது அந்தப் பெண்களின் தைரியம். மறுப்பதற்கு ஒரு தாள் இருந்தது பெசன்ட்டின் வேலை. இரண்டையும் பிரித்துச் சொன்னால் இருவருக்குமே நியாயம் கிடைக்கும்.

அதே காட்சி, பெரம்பூரில்

முப்பது வருஷம் கழித்து, இதே காட்சி கிட்டத்தட்ட அப்படியே வட சென்னையில் நடந்தது.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். ஓடிப்போய் வாய் நனைத்துவிட்டு ஓடி வரவேண்டும். தாமதமானால் கேட் மூடிவிடும். மேலே வெள்ளைக்கார அதிகாரிகளின் ஏச்சும் கைநீட்டலும். மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் தினமும் இதைக் கேட்டுக்கேட்டுப் பொறுக்காமல், உதவி தேடி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பெசன்ட்டின் வலதுகை பி.பி. வாடியா இருந்தார். அவர் கிளம்பி பெரம்பூர் வந்தார். 1918 ஏப்ரல் 27-இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

ஃப்ளீட் தெருவுக்கு நடந்த பெண்களையும் நியூ இந்தியா ஆபீஸ் படியேறிய இந்த இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் திரி ஆலை வாசலில்தான் இருந்தது. இரண்டு இடத்திலும் அவர்கள் தேடிப் போனது ஒரு பத்திரிகையை. இரண்டு இடத்திலும் சரித்திரத்தில் முதலில் நிற்கும் பெயர் பத்திரிகைக்காரருடையது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தைத் தொடங்கியவர் யார் என்று போட்டித் தேர்வில் கேட்டால் வாடியா என்று எழுதினால் மார்க். செல்வபதி என்று எழுதினால் என்ன ஆகும் என்று நானே யோசிப்பதுண்டு.

வாடியாவின் 'லேபர் இன் மதராஸ்' 1921-இல் திருவல்லிக்கேணி எஸ். கணேசன் வெளியீடாக வந்தது. முன்னுரை எழுதியவர் பிரிட்டிஷ் தொழிற்கட்சி எம்.பி. கர்னல் வெட்ஜ்வுட். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் பேச, திரு.வி.க. தமிழில் சொல்வார். நல்ல புத்தகம், கணக்குகள் இருக்கும் புத்தகம். ஆனால் அதில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1918 நடுவில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறார் வாடியா. காரணம் என்ன? கம்பெனியின் பணப்பை நஷ்டப்பட்டால் எனக்குக் கவலை இல்லை, ஆனால் இந்த மில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணி நெய்கிறது, யுத்தம் பாதிக்கும் என்கிறார்.

அரை மணி நேரத்தில் சோறு தின்ன முடியவில்லை என்று வந்தவனிடம், பிரான்சில் நடக்கும் யுத்தத்தைச் சொல்லி நிறுத்துகிறார்கள். அந்த விசுவாசத்துக்குக் கம்பெனி என்ன கொடுத்தது? அதே வருஷக் கடைசிக்குள் கதவடைப்பு.

இதுதான் வெளியிலிருந்து வரும் தலைமையின் விலை. அவர்கள் நம் கணக்கை எழுதுவார்கள். கூடவே தங்கள் கணக்கு ஒன்றையும் கொண்டு வருவார்கள். அது நம்முடையதைவிடப் பெரியதாகவே எப்போதும் இருக்கும். 1920 டிசம்பரில் மில் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். கம்பெனி ஹைகோர்ட்டில் வாடியா மீது தடை உத்தரவு வாங்கியது. வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற பேரில் சமரசம் ஆயிற்று. அந்த வழக்கு கிளப்பிய கேள்விதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை போனது என்பதும் உண்மை. ஆனால் 1921-இன் பெரிய வேலைநிறுத்தத்தில் அவர் இல்லை. பெரம்பூர் இருந்தது.

பெசன்ட்டின் கதையும் இதே கோட்டில்தான். 1919-இல் சத்தியாக்கிரகத்தை எதிர்த்தார். அந்த ஏப்ரல் கலவரங்களின்போது, கூட்டம் கல்லெறிந்தால் படையினர் சில ரவைகளைச் சுடுவது பெரிய ரத்தக்களறியைத் தவிர்க்கும் இரக்கமான செயல் என்கிற பொருளில் எழுதினார். ஜாலியன்வாலா பாக் விவரங்கள் தெரிந்த பிறகு அதைக் கண்டித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் வந்த வாக்கியம் அது. டிரஃபால்கர் சதுக்கத்தில் அடிவாங்கிய பக்கம் நின்றவர், இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறார்.

மூன்று பென்ஸ் திரும்பி வருகிறது

இதுவரை சொன்னதை ஒரு அரசியல்வாதியின் வழக்கமான வயதாகுதல் என்று விட்டுவிடலாம். இளமையில் இடது, முதுமையில் மிதவாதம். எனக்கு மனசு ஆறாமல் போனது வேறொரு கட்டுரையால். அதற்குக் கொஞ்சம் பின்னால், 1909-க்குப் போகணும்.

அந்த வருஷம் பிப்ரவரி 'இந்தியன் ரெவ்யூ' இதழில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றம் என்ற தலைப்பில் பெசன்ட் எழுதினார். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. வாதம் இதுதான். பஞ்சமக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது. அவர்கள் உடம்பில் தலைமுறைகளாகச் சாப்பிட்ட உணவாலும் குடியாலும் வந்த நாற்றமும் அழுக்கும் இருக்கிறது. முதலில் தனிப் பள்ளியில் சுத்தம் கற்கட்டும். நல்ல பழக்கத்தில் வளர்ந்த குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கெடுக்க வேண்டாம்.

மெட்ரோவில் உட்கார்ந்து இதைப் படித்தபோது வண்டி காலடிப்பேட்டையில் நின்றிருந்தது. காலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் பெயரில் அமைந்த பேட்டை, நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆனது. பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அந்த மூன்று பென்ஸ்தான் ஞாபகம் வந்தது.

போ ஆலையில் அழுக்குக் காலுக்கு அபராதம் போட்டவன் அயோக்கியன் என்று எழுதிய அதே கை இது. அழுக்கு, ஏழ்மையின் குற்றம் அல்ல, ஏழ்மையை உண்டாக்கியவனின் குற்றம் என்று லண்டனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மதராஸில் சேரிக்குழந்தையின் காலைப் பார்த்தபோது அவருக்கு அழுக்கு மட்டும் தெரிகிறது. தண்ணீர் எடுக்க எந்தக் கிணற்றுக்குப் போக முடியாது, எந்தத் தெருவில் நடக்க முடியாது, பண்ணையில் கூலி என்ன, என்ற கணக்கு தெரியவில்லை. அபராதமும் மூன்று பென்ஸ் அல்ல. ஒரு வகுப்பறை முழுசும் அபராதம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அம்பேத்கர் 1945-இல் எழுதிய 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' புத்தகத்தில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார். 1917 கல்கத்தா காங்கிரசில் தாழ்த்தப்பட்டோருக்கான தீர்மானம் நிறைவேறியபோது தலைமை வகித்தவர் பெசன்ட். அந்தத் தீர்மானத்தை எந்த அளவு நம்பலாம் என்று காட்டத்தான் அம்பேத்கர் இதை எடுக்கிறார். நான் செய்ததெல்லாம் 1888 கட்டுரையையும் 1909 கட்டுரையையும் இரண்டு ஜன்னலாகத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான். எங்க வேலையில் இரண்டு வெர்ஷனை இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது தினசரி வழக்கம். மாறிய வரி எது என்று சிவப்பில் தெரியும். இங்கே சிவப்பில் தெரிந்தது ஒரே வரி: அழுக்கு யாருடைய பொறுப்பு?

காலம் அப்படி என்பவர்களுக்கு

'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க' என்று யாராவது சொல்வார்கள். இல்லீங்க.

பெசன்ட்டுக்கு முன் பிரம்மஞான சபைத் தலைவராக இருந்த ஆல்காட், பஞ்சமக் குழந்தைகளுக்கு 1894-லேயே அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கியவர். 1909-இல் அதே மதராஸில், ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கியது அது. அதற்கும் முன்னால், 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். அதாவது கணக்கு எழுதுகிறவர்கள் சொந்த மொழியில், சொந்தப் பத்திரிகையில், அடையாறிலிருந்து வண்டி கட்டினால் போய்விடும் தூரத்தில் இருந்தார்கள். 1888-இல் ஆலை வாசலுக்கு நடந்து போன பெசன்ட், 1909-இல் ராயப்பேட்டை வரை போகவில்லை.

ஏன்? மதம் மாறியதால் மனம் மாறியது என்று சுலபமாகச் சொல்லலாம். நான் இப்படிப் பார்க்கிறேன். 1888-இல் அவர் கையில் இருந்த கேள்வி, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பது. 1889-இல் பிளாவட்ஸ்கியைச் சந்தித்த பிறகு அவருக்குக் கர்மம், மறுபிறவி, ஆன்மாவின் படிநிலை வளர்ச்சி என்று எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. கீழே இருப்பவன் ஏன் கீழே இருக்கிறான் என்பதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருப்பவருக்கு, வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டிய தேவையே இல்லை. இது பிரம்மஞானத்துக்கு மட்டும் வரும் நோய் அல்ல. புரட்சி, தேசம், வளர்ச்சி என்று எந்தப் பெரிய விடைக்கும் வரும்.

இந்த விடுபட்ட கணக்கின் விலையைப் பெரம்பூரே கொடுத்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் வெடித்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடைவேளை இருந்தது, கூலி இருந்தது. ஒரே மில்லில் வேலை பார்ப்பவர்களில் யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்ற வரி இல்லை. அதற்குப் பெசன்ட்டைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரியை எழுதும் திறமை மதராஸிலேயே அதிகம் இருந்தவர் அவர்தான். அதுதான் வருத்தம்.

எங்க அப்பாவின் பூட்ஸ்

ஒரு இன்ஜினியருக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்றேன்.

அப்பா இந்த பெல்ட்டில் ஒரு கம்பெனியில் பல வருஷம் காண்ட்ராக்ட் ஃபிட்டர். கம்பெனி பேர் வேண்டாம். அங்கே கேண்டீனில் எழுதப்படாத ஒரு விதி. காண்ட்ராக்ட் ஆட்கள் எண்ணெய் படிந்த பூட்ஸோடு உள்ளே வரக்கூடாது, தரை அழுக்காகும். பர்மனென்ட் ஆட்களின் பூட்ஸிலும் அதே எண்ணெய்தான், ஆனால் அவர்களுக்கு அந்த விதி கிடையாது. கம்பெனி பர்மனென்ட்காரர்களுக்கு மாற்று பூட்ஸ் கொடுக்கும். காண்ட்ராக்ட்காரர்களுக்குக் கொடுக்காது. அப்பா டிபன் பாக்ஸை கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் திறப்பார். மழை வந்தால் சைக்கிள் ஸ்டாண்டில்.

அங்கே யூனியன் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல்தான் தலைவர். நல்லா பேசுவார். மே தினத்தில் அவர் பேச்சைக் கேட்க அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போயிருக்கார். ஏகாதிபத்தியம் பற்றிப் பேசினார், உலக வங்கி பற்றிப் பேசினார். பூட்ஸ் பற்றிப் பேசியதாக அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "பெரிய விஷயம் பேசுறவர்கிட்ட போய் பூட்ஸைப் பத்தி எப்படிடா கேக்குறது?" என்பார்.

1888-இல் ஒருத்தி அதைத்தான் கேட்டாள். பெசன்ட்டிடம் ஒரு பெண், கால் அழுக்குக்கு மூன்று பென்ஸ் பிடிக்கிறாங்கம்மா என்று சொல்லியிருக்கிறாள். சோஷலிசம் பேசும் அம்மாவிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சப்படவில்லை. அந்த அம்மாவும் அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் எழுதிக்கொண்டார். அந்தக் கணத்தில் இருவருமே பெரியவர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. எங்க ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எந்த லிஃப்ட்டில் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகுதான் ஒரு நாள் கேட்டேன். மாடிப்படிக்கு அடியில் என்று ஒரு அக்கா சொன்னாங்க. கேட்ட பிறகு என்ன செய்தேன் என்றால், அட்மின் டிப்பார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போட்டேன். பதில் வரவில்லை. மறுபடி போடணும்.

கடைசியாக

போ ஆலை இன்று வசதியானவர்கள் வாழும் அடுக்குமாடி வளாகம். வேலைநிறுத்தத்தின் நினைவாக 2022-இல் அங்கே நீலப் பலகை வைத்தார்கள். பெரம்பூர் மில் 1996-இல் மூடி, சினிமா ஷூட்டிங் நடந்து, அங்கேயும் அடுக்குமாடி வந்துவிட்டது. விம்கோ எங்களுக்கு ஒரு ஸ்டேஷன் பெயர்.

பெசன்ட்டைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டிப்பாகப் படிக்கணும். ஆனால் அவருடைய சுயசரிதையில் தொடங்காதீர்கள். அது 1893-இல் வந்தது, தன் வாழ்க்கை முழுசும் பிரம்மஞானத்தை நோக்கி நடந்த பாதை என்று முடிவு செய்துவிட்டு எழுதியது. 'தி லிங்க்' கட்டுரையில் தொடங்குங்கள். பிறகு 1909 கட்டுரை. இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். முதலாவதை எழுதியவரை வைத்தே இரண்டாவதை எழுதியவரைக் கண்டிக்கலாம். வேறு சாட்சியே தேவையில்லை.

பெசன்ட் நகர் பெயர் அங்கேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. விம்கோ நகர் பெயரும் இருக்கட்டும். தீக்குச்சி அடுக்கியவர்களின் ஊர் என்று அது சொல்லாமல் சொல்கிறது, அது போதும். அப்பாவுக்கு இந்தப் பதிவை வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மூணு பென்ஸ்னா நம்ம காசுக்கு எவ்ளோடா?"

அன்றைய கணக்கில் சுமார் மூணு அணா என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஒரு வேளைச் சோறு" என்றார்.